கண் வேறு, பார்வை வேறு

வீடியோ கேம் ஆடினால் கண் கெட்டுப்போகுமா என்ற கேள்வி, ஒரே கேள்விபோலத் தோன்றினாலும், இரண்டு கேள்விகளைத் தன்னுள் அடக்கியிருக்கிறது. ஒளியை வளைத்து விழித்திரையில் தெளிவான உருவமாக விழச்செய்வது கருவிழிப்படலமும் விழிவில்லையும் செய்யும் வேலை. அப்படி விழுந்த உருவத்தில் எது முகம், எது நிழல், எது நகர்கிறது, எது நிற்கிறது என்று பிரித்தறிவது, மூளையின் பின்புறத்தில் உள்ள பார்வைப் புறணியும் அதனோடு இணைந்த பகுதிகளும் செய்யும் வேலை. முதல் வேலையில் குறை ஏற்பட்டால் பெரும்பாலும் கண்ணாடி போட்டுச் சரிசெய்துவிடலாம். இரண்டாவதில் குறை இருந்தால் எந்தக் கண்ணாடியாலும் பயனில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாததால்தான், "கேம் கண்ணைக் கெடுக்கும்" என்பவர்களும் "கேம் பார்வையைக் கூர்மையாக்கும்" என்பவர்களும், ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாமலே வாதிட்டு வருகிறார்கள்.

ஆக்‌ஷன் கேம் என்று ஆய்வாளர்கள் தனியாக வகைப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. ஆடுபவரின் கண்வழியாகவே காட்சி விரிய, எதிரி எந்த மூலையிலிருந்து எப்போது வருவான் என்று தெரியாத நிலையில், நடுவில் குறியையும் ஓரங்களில் அசைவையும் ஒருசேரக் கவனித்து, நொடியின் சிறு பகுதிக்குள் முடிவெடுத்தாக வேண்டிய ஆட்டங்கள் அவை. மெடல் ஆஃப் ஹானர், அன்ரியல் டோர்னமென்ட், கால் ஆஃப் டியூட்டி ஆகியவையே சோதனைகளில் பெரிதும் பயன்பட்டன. ஒப்பிடுவதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டது டெட்ரிஸ். அதிலும் வேகம் உண்டு, விரல்களுக்கு ஓயாத வேலையும் உண்டு. ஆனால் ஒரு நேரத்தில் ஒரே கட்டிதான் விழும், அதன் வடிவமும் ஏற்கெனவே தெரிந்த ஏழில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இந்த ஆய்வுத்துறை ஒரு தற்செயலில் பிறந்தது. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில், காது கேளாதோரின் பார்வைக் கவனத்தை ஆராய்ந்துவந்த டாஃப்னி பாவெலியேயிடம் பயின்ற ஷான் கிரீன் என்ற மாணவர், தாம் எழுதிய கணினிச் சோதனையை முதலில் தம்மீதே செய்துபார்த்தபோது, கிடைத்த மதிப்பெண்கள் நம்ப முடியாத அளவுக்கு உயர்ந்திருந்தன. நிரலில் பிழை இருக்கும் என்று தேடியும் பிழை இல்லை. அவருடைய நண்பர்களும் அதேபோல உயர்ந்த மதிப்பெண் பெற்றார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தது ஆக்‌ஷன் கேம் பழக்கம். 2003-இல் நேச்சர் இதழில் இருவரும் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய ஆட்டக்காரர்கள் கண நேரம் மின்னி மறையும் புள்ளிகளில் கூடுதலானவற்றை எண்ணாமலே சரியாகச் சொன்னார்கள் என்றும், பார்வைப் புலத்தின் ஓரத்தில் தோன்றும் பொருளை மற்றவர்களைவிடத் துல்லியமாகக் கண்டுகொண்டார்கள் என்றும் காட்டியது.

பிறவியிலேயே கூர்மையான பார்வை உள்ளவர்கள்தாம் இத்தகைய ஆட்டங்களுக்கு ஈர்க்கப்படுகிறார்களோ என்ற ஐயம் இங்கே எழுவது இயல்பு. இதைத் தீர்க்க ஒரே வழி, ஆடிப் பழக்கமில்லாதவர்களை அழைத்துவந்து ஆட வைப்பதுதான். பத்து நாள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மெடல் ஆஃப் ஹானர் ஆடியவர்கள், அதே கால அளவு டெட்ரிஸ் ஆடியவர்களைவிட மேம்பட்டார்கள் என்பது அதே கட்டுரையின் முடிவு. 2007-இல் 30 மணி நேரப் பயிற்சியைக் கொண்டு இருவரும் செய்த அடுத்த சோதனை, "நெரிசல்" எனப்படும் விளைவை அளந்தது. தனியாக இருந்தால் தெளிவாகத் தெரியும் ஓர் எழுத்து, இருபுறமும் வேறு எழுத்துகள் நெருக்கி நின்றால் அடையாளம் தெரியாமல் போவதற்கு அறிவியலார் இட்ட பெயர் அது. ஆக்‌ஷன் கேம் ஆடியவர்களால், எழுத்துகள் இன்னும் நெருங்கி வந்த பிறகும் நடு எழுத்து நேராக நிற்கிறதா, தலைகீழாக நிற்கிறதா என்று சொல்ல முடிந்தது.

இந்த வரிசையில் மிகவும் வியப்புக்குரியது 2009-ஆம் ஆண்டின் சோதனைதான். சாம்பல் நிறப் பின்னணியின் நடுவே, அதைவிடச் சற்றே வெளிறியதும் சற்றே கருத்ததுமான பட்டைகள் மாறிமாறி அமைந்து, ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி பின்னணியோடு கரைந்துபோகும் ஒரு வட்டத் திட்டு திரையில் மின்னி மறைகிறது. ஹோலோகிராஃபியைக் கண்டுபிடித்த டென்னிஸ் கேபரின் பெயரால் அதைக் கேபர் திட்டு என்பார்கள். பட்டைகளின் வெளிறலையும் கருமையையும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் திட்டே இல்லை, வெறும் சாம்பல்தான் என்று தோன்றும். அந்த எல்லை ஒருவருக்கு எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, அவருடைய ஒளிமாறுபாட்டு உணர்திறன் அவ்வளவு உயர்வு. கண் மருத்துவமனைச் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டை, பளிச்சென்ற வெள்ளையில் அடர்ந்த கறுப்பை வாசிக்கச் சொல்வதால், இதை அளக்காது. அந்த அட்டையின் கடைசி வரிவரை படித்துவிடுகிற ஒருவரால், மார்கழிப் பனிமூட்டத்தில் சாம்பல் சட்டை போட்டுச் சைக்கிளில் வருபவரை நேரத்தோடு பார்க்க முடியாமல் போவது இந்த உணர்திறனின் குறையால்தான்.

ரெஞ்ஜி லி, பாவெலியே உள்ளிட்டோர் நேச்சர் நியூரோசயன்ஸ் இதழில் வெளியிட்ட அந்த ஆய்வில், ஒரு குழு அன்ரியல் டோர்னமென்ட், கால் ஆஃப் டியூட்டி 2 ஆகியவற்றையும், மற்றொரு குழு வீடு கட்டிக் குடும்பம் நடத்தும் தி சிம்ஸ் 2 என்ற நிதானமான ஆட்டத்தையும், ஏறத்தாழ 9 வாரங்களில் 50 மணி நேரம் ஆடின. முதல் குழுவின் உணர்திறன் உயர்ந்தது. அந்த உயர்வு பயிற்சி முடிந்து மாதங்கள் கழித்து அளந்தபோதும் நீடித்தது. கண்ணின் ஒளியியலில் எந்த மாற்றமும் இல்லாமல், அதே மங்கலான உருவத்திலிருந்து மூளை கூடுதலாக எதையோ பிரித்தெடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. இத்தகைய அடிப்படைத் திறன் வயது வந்த பிறகு, அதுவும் ஓர் ஆட்டத்தால், மாறக்கூடும் என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தி இல்லை.

எனினும், இந்த முடிவுகளை அப்படியே விழுங்கிவிடக் கூடாது என்று எச்சரித்தவர்களுக்கும் இங்கே இடம் தர வேண்டும். வால்டர் பூட், டேனியல் சைமன்ஸ் ஆகியோரின் வாதம் நேர்மையானது: மருந்துச் சோதனையில் எது மருந்து, எது வெறும் மாத்திரை என்று நோயாளிக்குத் தெரியாமல் மறைக்கலாம், ஆனால் துப்பாக்கி ஆட்டம் ஆடுகிறவருக்கு அதைத்தான் ஆடுகிறோம் என்பது தெரியாமல் இருக்குமா? ஆட்டத்தின் காணொளித் துண்டுகளை மட்டும் காட்டி, எந்தெந்தச் சோதனையில் இது உதவும் என்று கேட்டபோதே, மக்களின் எதிர்பார்ப்பு ஆய்வு முடிவுகளோடு பெரிதும் ஒத்துப்போனதை இவர்கள் 2013-இல் காட்டினார்கள். 2018-இல் பெனுவா பெடியூவும் பாவெலியே குழுவினரும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்தபோது, நெடுநாள் ஆட்டக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ அரைத் திட்டவிலக்கம் என்றும், புதிதாகப் பயிற்சி பெற்றவர்கள் அடைந்த மேம்பாடு அதன் மூன்றில் இரண்டு பங்கைவிடச் சற்றுக் குறைவு என்றும் தெரியவந்தது. திட்டவிலக்கம் என்பது ஒரு கூட்டத்தினர் தமக்குள் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பதைக் காட்டும் அளவு. விளைவு உண்டு, ஆனால் தலைப்புச் செய்திகள் சொன்ன அளவுக்கு இல்லை என்பதே நியாயமான தீர்ப்பு.

இனி, இரண்டு கேள்விகளில் மற்றொன்றான கண்ணின் நலம். 1993-இல் ஜப்பானிய மருத்துவர்கள் அளந்தபடி, ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை இமைப்பவர்கள், புத்தகம் படிக்கும்போது 10 முறையும், கணினித் திரையைப் பார்க்கும்போது 7 முறையும் மட்டுமே இமைத்தார்கள். இமைக்காத கண்ணின் கண்ணீர்ப் படலம் உலர்வதால் வரும் உறுத்தலும் எரிச்சலும் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். கவலைக்குரியது கிட்டப்பார்வைதான். வயது வந்தவரின் கண் முன்னிருந்து பின்வரை சுமார் 24 மில்லிமீட்டர் நீளம் உடையது. வளரும் வயதில் இந்த நீளம் அளவு மீறிப் போனால், உருவம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்து, தொலைவில் உள்ளவை மங்கலாகின்றன. நீண்ட கண் மறுபடி சுருங்குவதில்லை.

சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் நடந்து 2015-இல் வெளியான சோதனையில், நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருந்த முதல் வகுப்புக் குழந்தைகளில் மூன்று ஆண்டுகளில் 30.4 விழுக்காட்டினருக்கும், வழக்கம்போல இருந்தவர்களில் 39.5 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை வந்தது. கொரோனாவால் வீட்டுக்குள் அடைந்திருந்த பிறகு 2020-இல் ஷான்டோங் மாநிலத்தின் ஃபெய்செங் நகரில் சோதித்தபோது, முந்தைய ஐந்து ஆண்டுகளில் 5.7 விழுக்காட்டைத் தாண்டாத ஆறு வயதுக் குழந்தைகளின் கிட்டப்பார்வை 21.5 விழுக்காடாக இருந்தது. கண்ணின் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விடாமல் அளந்ததால் இந்த எண்ணிக்கை சற்று மிகையாக இருக்கலாம் என்றாலும், வெளிச்சத்தை இழந்த கண் எந்தத் திசையில் போகிறது என்பது தெளிவு.

இவற்றில் எங்கும் குற்றவாளியாக நிற்பது ஆட்டத்தின் வகை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவது தொலைவும் வெளிச்சமும் நேரமும்தான். இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் டிவியைப் பார்க்க விழிவில்லை அரை டயாப்டர் அளவுக்குக் குவிந்தால் போதும். அதே ஆட்டத்தைச் செல்போனில் 25 சென்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் 4 டயாப்டர், அதாவது எட்டு மடங்கு குவிய வேண்டும். போர்வைக்குள் போனை மூக்கோடு ஒட்டிவைத்து ஆடும் பத்து வயதுப் பிள்ளைக்கும், மேசைக் கணினித் திரையின் முன் அமர்ந்து, நாளுக்கு இவ்வளவு நேரம் என்று வரையறுத்து ஆடிய இளைஞர்களிடம் பெறப்பட்ட ரோசெஸ்டர் முடிவுகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த முடிவுகளைக் காட்டிப் பிள்ளைகளுக்கு அனுமதி கேட்பது முறையாகாது.

கண்ணும் மூளையும் ஒரே இடத்தில் சந்திக்கும் சிக்கல் ஒன்று உண்டு; இந்த ஆய்வுகளின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கக்கூடும். குழந்தைப் பருவத்தில் மாறுகண்ணாலோ, இரு கண்களின் பவர் வேறுபடுவதாலோ ஒரு கண்ணின் உருவம் ஒத்துப்போகாதபோது, மூளை அந்தக் கண்ணைப் புறக்கணிக்கக் கற்றுக்கொள்கிறது. பிற்பாடு சரியான கண்ணாடி போட்டாலும் அக்கண் தெளிவாகப் பார்ப்பதில்லை. பேச்சுவழக்கில் சோம்பேறிக் கண் எனப்படும் ஆம்பிளியோபியா இதுதான். நல்ல கண்ணை மூடி மற்றதைப் பயன்படுத்த வைப்பது வழக்கமான சிகிச்சை. சிறு வயது கடந்துவிட்டால் அது பலிக்காது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 2011-இல் பெர்க்லியில் ரோஜர் லி, டென்னிஸ் லெவி ஆகியோர் இத்தகைய குறையுள்ள 20 பெரியவர்களை வைத்து ஆராய்ந்தபோது, நல்ல கண்ணை மறைத்து 40 மணி நேரம் கேம் ஆடியவர்களின் பார்வைக் கூர்மை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. கண்ணை மறைத்துக்கொண்டு வழக்கமான வேலைகளை மட்டும் செய்தவர்களிடம் அத்தகைய உயர்வு இல்லை. நகரம் அமைக்கும் சாந்தமான ஆட்டத்தை ஆடிய சிலரும் முன்னேறினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குழந்தைகளுக்கு இதைக் கொண்டுசெல்லும் முயற்சி உடனே வெற்றி பெறவில்லை. 2016-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், இரு கண்களுக்கும் வெவ்வேறு கட்டிகளைக் காட்டும் டெட்ரிஸ் போன்ற ஐபேட் ஆட்டத்தை நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆடிய பிள்ளைகள், இரண்டு மணி நேரம் கண்ணை மூடிய பிள்ளைகளைவிடச் சற்றுக் குறைவாகவே முன்னேறினார்கள். விதித்த நேரத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஆடியவர்கள் 22 விழுக்காட்டினர் மட்டுமே என்று கருவியின் பதிவு காட்டியது. கட்டிகள் விழுவதையே பார்த்துக்கொண்டிருக்க எந்தப் பிள்ளைக்குத்தான் பொறுமை இருக்கும்? எந்த ஆட்டத்தை ரோசெஸ்டரில் ஒப்பீட்டுக்கென்று ஒதுக்கி வைத்தார்களோ, ஏறத்தாழ அதையே இங்கே மருந்தாகக் கொடுத்திருந்தார்கள்.

அதற்குள் லெவியும் பாவெலியேயும் சேர்ந்த குழு, ஆம்பிளியோபியா உள்ள பெரியவர்களுக்கென்றே ஓர் ஆக்‌ஷன் கேமை உருவாக்கி 2015-இல் அதன் முடிவுகளை வெளியிட்டிருந்தது. இரு கண்களுக்கும் தனித்தனியாகக் காட்சி விரியும் அந்த ஆட்டத்தின் நடுவே, பலவீனமான கண்ணுக்கு மட்டும் தெரியும்படி, அவ்வப்போது ஒரு கேபர் திட்டு தோன்றும். பட்டைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று கண்டு ஆடுபவர் பதில் கொடுக்க வேண்டும்.