மானிட்டர்ல தமிழ் ஏன் மங்கலா தெரியுது?

திருவக்கரை கல்மரப் பூங்காவை எடுத்த ஒரு போட்டோவை லேப் கம்ப்யூட்டர்ல திறந்து பாருங்க. கல்லாய்ப் போன மரம், செம்மண், வேலி எல்லாம் நல்லாவே தெரியும். அதே திரையில் அந்தப் பூங்காவைப் பற்றிய தமிழ்க் கட்டுரை ஒன்றைத் திறங்க. எழுத்து பிசிறடிக்கும். 'ண' எது, 'ன' எது என்று கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும்.

ஒரே மானிட்டர், ஒரே கண். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

போட்டோவில் ஒரு நிறம் அடுத்த நிறமாக மெல்ல மெல்ல மாறும். அரைப் பிக்சல் அங்கே இங்கே நகர்ந்தால் யாருக்கும் தெரியாது. எழுத்து அப்படியில்லை. வெள்ளைக்கு அடுத்தே கறுப்பு. அந்த எல்லைக்கோடு கொஞ்சம் கலங்கினாலும் கண் உடனே கண்டுபிடிச்சிடும். அதனால் மானிட்டர் செட்டிங்கில் தப்பு இருந்தால் முதலில் மாட்டுவது எழுத்துதான்.

முதல் சந்தேகம்: ரெசல்யூஷன்

பழைய டப்பா மானிட்டருக்கு நிலையான பிக்சல் கட்டம் கிடையாது. எந்த ரெசல்யூஷன் கொடுத்தாலும் ஓரளவு சமாளிக்கும். எல்சிடி அப்படியில்லை. 1920 × 1080 என்றால் அத்தனை பிக்சல்கள் கண்ணாடிக்குள் உண்மையாகவே நிற்கின்றன. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

'எழுத்து சின்னதா இருக்கு' என்று யாரோ 1280 × 720 வைத்துவிட்டால் என்ன ஆகும்? 1920-ஐ 1280 ஆல் வகுத்தால் 1.5. அதாவது ஒரு பிக்சல் அகலமுள்ள கோட்டை ஒன்றரைப் பிக்சலில் வரைய வேண்டும். அரைப் பிக்சல் என்று ஒன்று இல்லையே! அதனால் மானிட்டர் ஒரு பிக்சலைக் கறுப்பாகவும் பக்கத்துப் பிக்சலைச் சாம்பலாகவும் போட்டுச் சமாளிக்கும். நீங்க பார்க்கிற மங்கல் அந்தச் சாம்பல்தான்.

1366 × 768 திரையில் 1024 × 768 வைத்தால் இன்னும் மோசம். உயரம் சரியாக இருக்கும், அகலம் மட்டும் இழுபடும். வட்டம் முட்டையாகும்.

தீர்வு: டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'ரெக்கமண்டட்' என்று போட்டிருக்கும் ரெசல்யூஷனையே வையுங்க. எழுத்து சின்னதாகத் தெரிந்தால் அதே பக்கத்தில் உள்ள 'ஸ்கேல்' என்பதை 125% ஆக்குங்க. ரெசல்யூஷனைக் குறைப்பது வரைந்து முடித்த படத்தை இழுப்பது மாதிரி. ஸ்கேலைக் கூட்டுவது எழுத்தைப் பெரிய அளவில் புதிதாக வரையச் சொல்வது. ரெண்டும் ஒண்ணு இல்லை.

ஸ்கேலை மாற்றிய பிறகு ஒரு பழைய சாஃப்ட்வேர் மட்டும் மங்கினால், அதற்கு இந்த ஸ்கேல் விவகாரமே தெரியாது என்று அர்த்தம். விண்டோஸ் அதை வரையவிட்டு, பிறகு படமாக இழுக்கிறது. அந்த ப்ரோகிராமின் ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ஹை டிபிஐ செட்டிங்ஸ் என்று போய் மாற்றிப் பார்க்கலாம்.

இரண்டாவது: கேபிள்

நீல முனை உள்ள விஜிஏ கேபிள் இன்னும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது. அது அனலாக். கம்ப்யூட்டர் பிக்சல்களை மின்னழுத்த அலையாக அனுப்பும், மானிட்டர் அந்த அலையை வெட்டி மறுபடி பிக்சலாக்கும். வெட்டும் நேரம் கொஞ்சம் தவறினாலும் எழுத்தின் ஓரம் நடுங்கும், நிழல் அடிக்கும். ஹெச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் ரெண்டும் டிஜிட்டல் என்பதால் இந்தப் பிரச்சினையே வராது.

விஜிஏதான் கதி என்றால், திரை முழுக்க எழுத்து இருக்கிற ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு மானிட்டரின் 'ஆட்டோ' பட்டனை அழுத்துங்க. காலியான வால்பேப்பரில் அழுத்தினால், எங்கே வெட்டுவது என்று கணிக்க அதற்குத் தடயம் கிடைக்காது.

மூன்றாவது: கிளியர்டைப்

ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சின்னப் பட்டைகள். இவற்றைத் தனித்தனியாக ஏற்றி இறக்கினால் கிடைமட்டத்தில் மூன்று மடங்கு நுணுக்கம் கிடைத்த மாதிரி ஆகும். மைக்ரோசாஃப்ட் 1998-ல் அறிவித்த கிளியர்டைப் செய்வது இதைத்தான். எழுத்தின் ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரங்களில் சிவப்பும் நீலமும் தெரியும். அது பிழை இல்லை, வேலை நடக்கிறது என்பதன் அடையாளம்.

ஸ்டார்ட் மெனுவில் சி-டி-டி-யூ-என்-இ என்ற ஆறு எழுத்துகளை ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு சின்ன டெஸ்ட் வரும். கண்ணுக்கு எது தெளிவோ அதைக் கிளிக் பண்ணிக்கிட்டே போனால் போதும். ஒரு எச்சரிக்கை: மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பி வைத்திருந்தால் பட்டைகளும் திரும்பிவிடும். அப்போது இந்த உத்தி சரியாக வேலை செய்யாது.

தமிழுக்கு மட்டும் ஏன் கூடுதல் கஷ்டம்?

ஆங்கில 'ஐ'க்கு ஒரு கோடு போதும். நம்ம மூணு சுழி 'ண'வுக்கு ஒரு கோடு, ஒரு இடைவெளி, மறுபடி கோடு, இடைவெளி என்று பக்கவாட்டில் நிறையப் பிக்சல் வேண்டும். 12 பாயின்ட் எழுத்துக்கு 100% ஸ்கேலில் கிடைப்பதே 16 பிக்சல் உயரம். மேலே புள்ளிக்கும் கீழே 'கு', 'மு' வளைவுகளுக்கும் இடம் விட்டது போக, மிச்சத்தில்தான் சுழிகள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

புள்ளியின் கதை இன்னும் பாவம். ஓரிரு பிக்சல்தான். அது கலங்கினால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். திருவக்கரை சந்திரமௌலீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, வாசிப்பவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். மங்கலான மானிட்டர் முன்னால் நாமும் அதே வேலையைத்தான் செய்கிறோம். மூளை ஒவ்வொரு வரியிலும் ஊகிக்கிறது. செமஸ்டருக்கு முந்தின ராத்திரி நாலு மணி நேரம் ஊகித்தால் தலைவலி வராமல் என்ன செய்யும்?

எனவே தமிழை ஆங்கிலத்தைவிட ஒன்றிரண்டு பாயின்ட் பெரிதாக வையுங்க. ஃபான்ட்டையும் பாருங்க. விண்டோஸ் 8 முதல் வரும் நிர்மலா யுஐ, இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் ரெண்டும் திரைக்கு நல்ல தேர்வு. மெல்லிய கோடு உள்ள அலங்கார ஃபான்ட்களைப் போஸ்டருக்கு வைத்துக்கொள்ளலாம்.

போன்ல மட்டும் எப்படி அவ்வளவு தெளிவு?

கணக்குப் போடுவோம். 24 அங்குல, 1920 × 1080 மானிட்டரில் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். ஒரு பிக்சல் 0.28 மி.மீ. 60 செ.மீ. தூரத்தில் சாதாரணக் கண் சுமார் 0.17 மி.மீ. வரை பிரித்துப் பார்க்கும். ஆக, கண் பிக்சலைவிடக் கூர்மை. 6.5 அங்குல, 2400 × 1080 போனில் அங்குலத்துக்குச் சுமார் 405 பிக்சல், ஒன்று 0.06 மி.மீ.தான். 30 செ.மீ. தூரத்தில் அதைக் கண்ணால் பிரிக்கவே முடியாது. மானிட்டரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்து, எழுத்தைப் பெரிதாக்கினால் நமக்கும் அதில் கொஞ்சம் லாபம் உண்டு.

இவ்வளவு செய்தும் தேறாத கேஸ் ஒன்று இருக்கிறது: ஜெராக்ஸை ஸ்கேன் பண்ணிய பிடிஎஃப் நோட்ஸ். அது எழுத்தே இல்லை, எழுத்தின் போட்டோ. எந்த செட்டிங்கும் அதைக் காப்பாற்றாது. நல்ல ஸ்கேன் கேட்டு வாங்குங்க.

கடைசியா ஒரு டெஸ்ட். 'மணம், மனம், பல், பல, கல், கல' என்று 12 பாயின்ட்டில் டைப் பண்ணி, ஒரு கை தூரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து பாருங்க. ஊகிக்காமல் படிக்க முடிந்தால் திரை ஓகே. முடியவில்லையா? மேலே சொன்ன மூன்றையும் வரிசையாகச் சரிபாருங்க, பத்து நிமிஷம், செலவு பூஜ்யம். அப்புறமும் மங்கினால் புது மானிட்டருக்கு விலை விசாரிக்கும் முன்னால் கண் டாக்டரைப் போய்ப் பாருங்க.