உணவினால் எழும் தடிப்பும் தினவும்

கத்தரிக்காய்க் கறி உண்ட சிறிது நேரத்தில் ஒருவருக்கு உடம்பெங்கும் தடிப்பு எழுந்து தினவெடுத்தால், குற்றம் உடனே கத்தரிக்காயின்மேல் சுமத்தப்படும். அது கிரந்திப் பண்டம் என்று வீட்டிலுள்ள பெரியோர் கூறுவர். மறுநாள் தொடக்கம் அது சமையலிலிருந்து விலக்கப்படும். கத்தரிக்காய் ஒவ்வாதவர் சிலர் உளர் என்பது உண்மையே. ஆயினும் அக்கறியில் ஒரு பிடி கூனியும் இடப்பட்டிருக்குமாயின், முதலில் ஐயுறவேண்டியது கூனியையேயாகும்.

ஒவ்வாமை என்பது உணவிலுள்ள நஞ்சினால் உண்டாவதன்று. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் உடலின் காவற்சக்தி, தீங்கற்ற உணவொன்றிலுள்ள புரதத்தைப் பகையெனத் தவறாகக் கொள்வதே அதற்குக் காரணம். அப்புரதம் மீண்டும் உட்செல்லும்போது, தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள சில கலங்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை வெளிவிடுகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிவதால் தோல் தடிக்கின்றது. காணாக்கடி எனப்படும் இத்தடிப்பு பெரும்பாலும் உண்டு 2 மணித்தியாலத்துள் தோன்றும். தோன்றிய தடிப்பு 24 மணித்தியாலத்துள் வடுவின்றி மறைய, வேறிடத்திற் புதியது எழலாம்.

இறால், நண்டு, மீன், கச்சான், எள், மரமுந்திரிகைப் பருப்பு, கோதுமை, பசுப்பால், முட்டை என்பன அடிக்கடி ஒவ்வாமை விளைப்பவை. இறாலிலுள்ள முதன்மையான ஒவ்வாமைப் புரதம் கொதியினால் அழிவதில்லை. ஆகவே இறால் ஒவ்வாதவருக்கு, கூனி இட்ட சம்பலும் ஆகாது. நண்டும் பெரும்பாலும் ஆகாது. பாலும் முட்டையும் ஒவ்வாத குழந்தைகளிற் பலர் வளர்ந்தபின் அவற்றை உண்ணக்கூடியவராவர். கச்சானும் இறாலும் அவ்வாறல்ல. அவற்றின் ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள்வரை நிற்கும்.

எல்லாத் தினவும் ஒவ்வாமையன்று. சூரை, சாளை போன்ற மீன்கள் பிடிபட்டபின் ஐசின்றி வெயிலிற் கிடந்தால், கிருமிகள் அவற்றின் தசையிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். பொரித்தாலும் அது நீங்காது. ஒரே மீனை உண்ட பலருக்கு ஒருங்கே முகம் சிவந்து தலையிடித்தால், மீன் பழுதானதென்றே கொள்ளல்வேண்டும். கருணைக்கிழங்கு நாவைக் கடிப்பது அதிலுள்ள ஊசிபோன்ற கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகளினால். வெண்டி பிடுங்குவோரின் கைத்தினவும், சூடடிப்போரின் உடற்றினவும் சுணையினாலும் தூசியினாலும் வருவன. பூச்சிநாசினி தெளித்த கையைக் கழுவாது உணவருந்தியவர், தம் கையில் எழுந்த எரிவுக்கு உணவைக் குறைகூறுவதும் உண்டு. குழந்தைகளுக்குக் காய்ச்சல், தடிமனோடு காணாக்கடி வருவது மிகச் சாதாரணம்.

தோலோடு நிற்கும் தடிப்பு பெரும்பாலும் தானே தணியும். வைத்தியர் தரும் மாத்திரை தினவைக் குறைக்கும். ஆனால் உதடும் நாவும் வீங்குதல், குரல் கம்முதல், மூச்சு இழுத்தல், விடாத வாந்தி, மயக்கம் என்பவற்றுள் ஒன்று காணினும் அது உயிருக்கு ஆபத்தான நிலையாகும். அந்நேரத்தில் எண்ணெய் பூசுவதும், வாந்தியெடுக்கச் செய்வதும், மாத்திரை கொடுத்துக் காத்திருப்பதும் வீண். நோயாளியைக் கிடத்திக் கால்களை உயர்த்தி, மூச்சுத்திணறினால் இருக்கச் செய்து, 1990 என்னும் அம்புலன்சு இலக்கத்துக்கு அழைத்தோ கிடைத்த வாகனத்திலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல்வேண்டும். எழுந்து நடக்க விடலாகாது. தொடையில் ஏற்றப்படும் அட்ரினலின் ஊசியே உயிர்காக்கும் மருந்து. தணிந்த குறிகள் சில மணித்தியாலங்களின் பின் திரும்பவுங் கூடுமாதலால், வைத்தியர் விடுக்குமுன் வீடு திரும்புதல் கூடாது. சிலருக்கு, இறாலையோ கோதுமையையோ உண்டவுடன் மண்வெட்டி வேலைபோன்ற கடும் உழைப்பில் இறங்கினால் மட்டுமே இந்நிலை ஏற்படும்; இது அரிது, எனினும் வயலில் தனியே நிற்பவருக்கு மிகக் கொடியது.

காரணம் அறியாமல் குழந்தைக்குப் பால், முட்டை, மீன் அனைத்தையும் நிறுத்துவது பெருந்தவறு. தினவு நிற்கிறதோ இல்லையோ, குழந்தை மெலியும். ஐயமுள்ள உணவைச் சோதித்துப் பார்ப்பதற்காக வீட்டில் மீண்டும் ஊட்டுவதும் ஆபத்தே. தடிப்பு எழுந்த நாளில் உண்டவை, கறியில் இட்ட கூனி, மாசி உட்பட, உண்ட நேரம், தடிப்பு எழுந்த நேரம், அன்று செய்த வேலை, விழுங்கிய மருந்து என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, அதனை வைத்தியரிடம் கொண்டுசென்று காட்டுதல்வேண்டும்.