சிறு கொடையும் ஊர்ப்பொறுப்பும்

கல்லூரியன்னையின் விழா மலரிலே, வெளிநாட்டரசுகள் ஊர்களுக்கு வழங்கும் சிறு நன்கொடைகளைப் பற்றித் தமிழாசிரியனொருவன் எழுதப் புகுவதேன் என அன்பர் சிலர் வினவக்கூடும். விண்ணப்பமொன்று எழுதித் தருமாறு எம்மூர்ச் சனசமூக நிலையத்தார் என்னை நாடி வந்தபோதே யானும் இப்பொருளைக் கற்கத் தொடங்கினேன். கற்றது பிறர்க்கும் பயன்படுமாக.

வெளிநாட்டுதவி என்றதும் துறைமுகமும் பெருஞ்சாலையும் மின்னிலையமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை அரசுக்கும் அரசுக்குமிடையே நிகழ்வன. பல கடனாக அமைவன. ஈண்டுக் கூறப்புகுவது வேறொரு வகை. ஒரு நாட்டின் தூதரகம், தான் அமைந்துள்ள நாட்டின் ஊர்ச்சங்கம், பாடசாலை, மருத்துவமனை, உள்ளூராட்சி மன்றம் முதலியவற்றுக்கு நேரே வழங்கும் சிறுதொகை அது. திருப்பிச் செலுத்த வேண்டாதது. கனடாவும் அவுஸ்திரேலியாவும் இவ்வாறு வழங்குகின்றன. அமெரிக்கத் தூதுவர்களின் தன்னுதவி நிதி 1964 இல் ஆபிரிக்காவிலுள்ள டோகோ நாட்டிலே தொடங்கியது.

இவற்றுள் யப்பானின் திட்டம் நமக்கு அண்மையானது. 1950 இல் கொழும்பிலே கூடிய பொதுநலவாய நாடுகளின் மாநாட்டிற் கருக்கொண்ட கொழும்புத் திட்டத்தில் 1954 இல் யப்பான் சேர்ந்தது. அந்நாடு பிறநாடுகளுக்கு உதவத் தொடங்கியதன் முதற்படியாக அவ்வாண்டையே கொள்வர். ஊர்களுக்கான சிறு நன்கொடைத் திட்டம் 1989 இல் உருவாயிற்று. 2003 இல், மனிதப் பாதுகாப்பு என்னும் கருத்தையுஞ் சேர்த்துப் பெயர் மாற்றப்பெற்றது. ஒரு திட்டத்துக்கு ஒரு கோடி யென் என்பதே நெடுங்காலம் அதன் பொதுவரம்பாயிருந்தது. சிறப்பான தேவைகளுக்கு வரம்பைக் கடந்தும் வழங்குவர். நம் வடமாகாணத்திலே கண்ணிவெடி அகற்றும் பணிக்கும் இந்நிதி உதவியுள்ளது.

இக்கொடை தனியொருவருக்கோ இலாபங் கருதும் நிறுவனத்துக்கோ கிடையாது. விண்ணப்பிக்கும் சங்கம் தன் கணக்குகளைக் காட்டவேண்டும். வாங்கும் பொருளுக்கும் கட்டட வேலைக்கும் மூவரிடம் விலைமனுப் பெறவேண்டும். தூதரகத்தார் இடத்தை நேரிற் பார்த்து ஆராய்வர். பின்னர் ஒப்பந்தம் கைச்சாத்தாகும். பணி நடக்கும்போதும் முடிந்தபின்னும் அறிக்கை அனுப்புதல் கடமை. குறித்த செயலுக்கன்றிப் பிறிதொன்றுக்குப் பணத்தைத் திருப்பலாகாது.

யாவற்றிலும் முதன்மையான விதி ஒன்றுண்டு. கட்டடம், கிணறு, கருவி முதலியவற்றுக்குப் பணம் கிடைக்கும். அவற்றை நாடோறும் நடத்துஞ் செலவுக்குக் கிடையாது. சம்பளம், மின்கட்டணம், பழுதுபார்க்குஞ் செலவு என்பன ஊராரின் பொறுப்பு. இது கருமித்தனம் எனச் சிலர் எண்ணுவர். அன்று. பிறர் பணத்தால் நாடோறும் நடப்பது, அப்பணம் நின்ற அன்றே தானும் நின்றுவிடும். எம் அயலூரொன்றிலே, கொடையாளர் ஒருவர் அமைத்த நீர்த்தொட்டியும் பம்பியும் இன்றும் நிற்கின்றன, நீர்தான் இல்லை. மின்கட்டணம் கட்டுவார் யாரென்பதை எவரும் முன்னரே பேசி வைக்கவில்லை.

எமது முதல் விண்ணப்பமும் இக்குறையாலேயே தவறிற்று. மாலைநேர வகுப்புக்கு மண்டபங் கேட்டு, யான் அழகிய நடையில் நான்கு பக்கம் எழுதினேன். "பராமரிப்பவர் யார்?" என்ற வினாவுக்கெதிரே ஊர்மக்கள் என்று ஒரு சொல் மட்டும் எழுதியிருந்தேன். காணியின் உறுதியும் இணைக்கப்படவில்லை. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. என் தமிழுக்குக் கிடைத்த தக்க பாடம் அது.

பின்னர்ச் சங்கம் கூடியது. பொறுப்பேற்பவர் யாரென்று கேட்டபோது ஆடவர் வாளாவிருந்தனர். மாதர் சங்கத்து மூதாட்டியார் ஒருவரே எழுந்து, "வீட்டுக்கு வீடு மாதந்தோறும் நாங்கள் சேர்க்கிறோம்; கணக்கை மாஸ்டர் எழுதட்டும்" என்றார். காணிக்கு உரியவரும் உறுதி முடித்துத் தர இசைந்தார். அதன் பின்னரே இரண்டாம் விண்ணப்பம் சென்றது. விடை இன்னும் வரவில்லை. எனினும் மாதப்பணம் சேர்கிறது. வகுப்பு இப்போது ஒரு வீட்டுத் திண்ணையிலே நடக்கிறது.

பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்களுள் கணக்காய்வாளர் உளர், பொறியியலாளர் உளர், நொத்தாரிசும் உளர். ஊருக்குப் பணம் அனுப்புதல் நன்று. அதனினும் அரியது, ஒரு விடுமுறையிலே சங்கத்தின் கணக்கேட்டைச் சீர்செய்வதும், கட்டட மதிப்பீட்டைத் தயாரிப்பதும், உறுதியைச் சரிபார்ப்பதுமாம். மாணவரும் கூட்டக் குறிப்பு எழுதப் பழகலாம்.

வள்ளுவர் ஈகைக்கு ஓரதிகாரமும், ஒப்புரவறிதலுக்கு வேறோரதிகாரமும் வகுத்தார். வெளியிலிருந்து வருவது ஈகை. அதனை ஊர் முழுவதற்கும் நின்று பயன்தரச் செய்வது ஒப்புரவு. முன்னது பிறர் கையிலுள்ளது. பின்னது நம் கையிலுள்ளது.