காலை ஏழு மணி வயிற்றுவலி

முதலில் டீயைக் குடியுங்கள் தம்பி, ஆறிவிடும்.

ஆறாம் வகுப்புக்குப் போனதிலிருந்து பாப்பாவுக்குக் காலை ஏழு மணிக்கு வயிற்றுவலி, வேன் போன அரை மணியில் சரியாகிவிடுகிறது, ஞாயிற்றுக்கிழமை வருவதே இல்லை என்கிறீர்கள். உங்கள் அம்மா இதை நடிப்பு என்கிறார். நடிப்பில்லை. பயத்தில் வயிறு பிசையும், கை சில்லிடும். வலி உண்மையான வலிதான். கட் அடிக்கிற பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் ஊர் சுற்றும். இவளோ உங்கள் கண்ணெதிரிலேயே போர்வைக்குள் கிடக்கிறாள்.

வேன் போனதும் அவளுக்கு ஒரு நிம்மதி வருகிறதே, சிக்கலே அதில்தான். போகாவிட்டால் தப்பித்தோம் என்று உடம்பு பழகிக்கொள்கிறது. லீவு நீள நீளப் பயமும் வளரும். அதற்காகத் தரதரவென்று இழுத்துப்போய் வகுப்பில் தள்ளினால் வேறு விதமாகக் கெடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும்.

பள்ளியை மாற்றுவதற்கு முன் எதற்குப் பயப்படுகிறாள் என்று பாருங்கள். எழுந்து நின்று வாசிக்கச் சொல்வதா, கழிப்பறையா, வேனில் வரும் பையன்களா, தோழி வேறு செக்‌ஷனுக்குப் போனதா? வேன்தான் காரணம் என்றால், பள்ளி மாறினாலும் வேன் கூடவே வரும்.

மாற்றத்தான் வேண்டுமென்றால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். சிபிஎஸ்இயா, மாநிலப் பாடமா என்பதையும் அப்புறம் வைத்துக்கொள்ளலாம். தலைமை ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள்: முதல் மாதம் இரண்டு பீரியட் மட்டும் வரலாமா? காலையில் கேட்டில் அவளைக் கூட்டிப்போக ஒரே டீச்சர் தினமும் இருப்பாரா? மூச்சு முட்டினால் அனுமதி கேட்காமல் எழுந்து போய் உட்கார ஓர் இடம் உண்டா? “இங்க வந்தா ரெண்டே நாள்ல சரியாயிடும்” என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். பிள்ளைகள் குறைவாக உள்ள மாற்றுப் பள்ளிகள் நல்லவைதான். ஆனால் தினமும் ஒன்றரை மணி நேரப் பயணம் என்றால், அரை நாளுக்குச் சம்மதிக்கும் பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியே மேல் என்பேன்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையை மனரீதியாகத் துன்புறுத்தக் கூடாது, பள்ளியை விட்டு நீக்கவும் கூடாது. அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாறும்போது, டி.சி. தாமதம் என்று சேர்க்க மறுக்கவும் முடியாது.

என்ஐஓஎஸ் பற்றிக் கேட்கிறீர்களா? அது தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 14 வயது ஆனால் அதில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதியலாம். ஐந்து வருடத்துக்குள் பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். நல்ல வழிதான், ஆனால் பதினோரு வயதுப் பிள்ளைக்கு இன்று அதைப் பேசவேண்டாம். அவள் காதில் விழுந்தால், வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றுதான் கேட்கும்.

டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் போனில் பேசிப் பார்க்க 14416, டெலி மானஸ். இலவசம், தமிழிலேயே பேசலாம். பயத்தைப் படிப்படியாகச் சந்திக்க வைக்கும் பேச்சுவழி மனநலச் சிகிச்சை இதற்கு உண்டு. பைத்தியம் என்று ஊர் சொல்லுமோ என்கிறீர்களா? ஊர் எதைப் பற்றியும்தான் பேசும்.

இந்தச் சனிக்கிழமை, பள்ளி காலியாக இருக்கும்போது, அவளை நடத்திக் கூட்டிப்போங்கள். கேட்டுவரை போதும். வாட்ச்மேன் அண்ணனிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புங்கள். வழியில் கரும்புச் சாறு வாங்கிக்கொடுங்கள். பரிசு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.