ரேடியேட்டர் விசிறி: பெல்ட்டா, மின்சாரமா?

கிராம வளர்ச்சிப் பணிக்கு வாகனம் இன்றியமையாதது. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற நாள்தொட்டு, நெடுங்காலம் வட்டார அலுவலர்களைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சேர்த்தது ஜீப்பேயாகும். விவசாயிகளுள் சிலர் இன்றும் பழைய ஜீப்பும் டிராக்டரும் வைத்துள்ளனர். கோடையில் இவற்றின் ரேடியேட்டர் கொதித்தால், பெல்ட்டினால் சுழலும் விசிறியை அகற்றி மின்விசிறி பொருத்துமாறு பலர் யோசனை கூறுகின்றனர். இம்மாற்றம் எங்கே பயன் தரும், எங்கே கேடாய் முடியும் என்பதை அறிந்த பின்னரே பணத்தைச் செலவிடுதல் நலம்.

விசிறியின் வேலை

எஞ்சினில் எரியும் எண்ணெயின் வெப்பத்தில் ஒரு பகுதியே சக்தியாகிறது. எஞ்சினில் தங்கும் வெப்பத்தை நீர் ஏற்று, ரேடியேட்டருக்குக் கொண்டு செல்கிறது. அங்கே காற்றுப் பட்டு நீர் குளிர்கிறது. களத்தில் நெல் தூற்றும்பொழுது காற்று வீசினால் முறத்தால் விசிற வேண்டுவதில்லை. காற்று நின்றால்தான் விசிற வேண்டும். அதுபோலவே, வாகனம் வேகமாக ஓடும்பொழுது எதிர்க்காற்றே பெரும்பாலும் போதுமானது. நிற்கும்பொழுதும் மெல்ல ஊரும்பொழுதுமே விசிறி மிகவும் தேவைப்படுகிறது.

பெல்ட் விசிறி எஞ்சினின் வேகத்தையே பின்பற்றுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் சோர்கிறது. நெடுஞ்சாலையில் தேவையில்லாத நேரத்தில் வேகமாகச் சுழல்கிறது. விசிறியின் வேகம் 2 மடங்கானால், அதனைச் சுழற்றத் தேவையான சக்தி 8 மடங்காகிறது. இது வீண் செலவு. மின்விசிறியோ, நீரின் உஷ்ணம் குறிப்பிட்ட அளவை அடைந்தால் மட்டுமே சுழலும். மேலும், ஓடையைக் கடக்கும்பொழுது பெல்ட் விசிறி தண்ணீரை வாரி எஞ்சின்மேல் இறைக்கும். மின்விசிறியைத் தனிச் சுவிட்சு வைத்து அச்சமயம் நிறுத்திவிடலாம்.

முதலில் நோயை அறிக

எனினும், வாகனம் கொதிப்பதற்கு எப்பொழுதும் விசிறியே காரணமன்று. ரேடியேட்டர் இடுக்குகளில் தூசும் பதரும் அடைத்திருக்கலாம். உப்புக் கிணற்று நீரை ஊற்றியதால் உட்குழாய்களில் உப்புப் படிந்திருக்கலாம். பெல்ட் தளர்ந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் திறவாமல் போயிருக்கலாம், ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்காமல் இருக்கலாம். மூடி அழுத்தத்தைக் காப்பதால்தான் நீர் 100 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியும் கொதியாமல் நிற்கிறது. இக்குறைகளைச் சிறு செலவில் நீக்கலாம். இவை இருக்கும்வரை மின்விசிறி பொருத்தினாலும் கொதிப்பு தீராது. எஞ்சின் சூடாயிருக்கும்பொழுது மூடியை ஒருபோதும் திறத்தலாகாது.

மின்சாரக் கணக்கு

ஜீப்புக்கு ஏற்ற மின்விசிறி ஒன்று 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம்; அது 240 வாட் ஆகும். 55 வாட் முகப்பு விளக்குகள் இரண்டும் எரிந்தால் மேலும் 9 ஆம்பியர் வேண்டும். பழைய ஜீப்புகளில் உள்ள டைனமோ, எஞ்சின் மெதுவாக ஓடும்பொழுது மிகக் குறைந்த மின்சாரமே தரும். ஆகவே விசிறி மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே பாட்டரி வற்றத் தொடங்கும். டைனமோவிற்குப் பதிலாகத் தக்க ஆல்டர்னேட்டர் பொருத்திய பிறகே மின்விசிறியைப் பற்றி எண்ண வேண்டும்.

பொருத்தும் முறை

1. பல எஞ்சின்களில் விசிறியும் தண்ணீர்ப் பம்பும் ஒரே அச்சில் உள்ளன. இறகுகளை மட்டுமே அகற்ற வேண்டும். பெல்ட்டும் கப்பியும் இருந்தே ஆக வேண்டும்.

2. ரேடியேட்டருக்குப் பின்புறம், அதன் பரப்பை மூடும் கூடுடன் விசிறியைப் பொருத்துதல் சிறந்தது. காற்று முன்னிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும். மின்கம்பிகளை மாற்றி இணைத்தால் சாதாரண மோட்டார் எதிர்ப்புறம் சுழலும்.

3. மின்சாரம் பியூஸ் வழியாகவும், ரிலே வழியாகவும் செல்ல வேண்டும். 20 ஆம்பியரைச் சாதாரண சுவிட்சு தாங்காது; கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும்.

4. தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறப்பதாயின், விசிறிச் சுவிட்சு 95 டிகிரி அளவில் இயங்குவதாக இருக்கலாம். 82 டிகிரிக்குக் கீழே வைத்தால் விசிறி ஓயாது ஓடும்.

5. எஞ்சின் நின்ற பின்னும் மின்விசிறி திடீரெனச் சுழலக்கூடும். பாட்டரி இணைப்பைக் கழற்றாமல் அருகே கை வைத்தலாகாது.

டிராக்டருக்கு வேண்டாம்

டிராக்டரின் நிலை வேறு. அது உழும்பொழுது மெல்ல ஊர்கிறது; கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டும்பொழுது ஒரே இடத்தில் நிற்கிறது. எதிர்க்காற்று இல்லை, பளுவோ மணிக்கணக்கில் குறைவதில்லை. எஞ்சின் சீரான வேகத்தில் ஓடுவதால் பெல்ட் விசிறியும் தளராது சுழல்கிறது. இங்கே மின்விசிறியால் மிச்சம் ஏதுமில்லை. மாறாக, புழுதியில் ஒரு பியூஸ் போனாலும் எஞ்சின் தலைப்பகுதி வளைந்து பெருஞ்செலவு வரும். டிராக்டரின் பெல்ட் விசிறியை மாற்றாது, வலையை நாள்தோறும் துடைத்து, பெல்ட்டை இறுக்கமாக வைத்திருத்தலே தக்கது.

ஊராட்சிக்குச் சொந்தமான வாகனமாயின், உரிய அனுமதியும் பொறியாளரின் கருத்தும் பெறாமல் எவ்வித மாற்றமும் செய்தலாகாது. சொந்த வாகனம் வைத்திருப்போர் முதலில் ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, ஒரு வாரம் உஷ்ணமானியைக் கவனித்து வருவார்களாக. அப்பொழுதும் நிற்கையில் மட்டும் உஷ்ணம் ஏறுமாயின், மின்விசிறியைப் பற்றி யோசிப்பது பொருத்தமாகும்.