முனியறைகளின் மலை

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் கார்கள் பெரும்பாலும் மறையூரில் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடும். சந்தனக் காட்டுக்கும் வெல்லத்துக்கும் பேர்போன ஊர். மூணாறுக்கு இன்னும் 40 கிலோமீட்டர் இருக்கிறதே என்ற அவசரம்.

கொஞ்சம் நின்று பாறை மேட்டில் ஏறினால், வெயிலில் கிடக்கின்றன கல் வீடுகள். ஒற்றைக் கல்லில் உடைத்தெடுத்த பலகைகள் சுவராக நிற்க, மேலே ஒரு பெரிய மூடுகல். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. கல்லின் கனமே கல்லைப் பிடித்து நிறுத்துகிறது. கீழே பள்ளத்தாக்கில் பாம்பாறு கிழக்கே திரும்பி அமராவதியை நோக்கி ஓடுகிறது.

ஊரார் இவற்றை முனியறை என்கிறார்கள். முனிவர்கள் தவமிருந்த அறைகளாம். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தால், முனிவர் கால் நீட்டிப் படுத்திருக்க முடியுமா என்று சந்தேகம் வரும்!

தொல்லியலாளர்களுக்கு இவை கல்திட்டைகள், இரும்புக்கால மக்களின் ஈமச் சின்னங்கள். இதே அறை மண்ணுக்குள் புதைந்திருந்தால் அதன் பெயர் கல்பதுக்கை. இறந்தவர்களைத் தாழியில் கவிப்பது உட்பட ஐந்து ஈம முறைகளை மணிமேகலையும் சொல்கிறது.

பல திட்டைகள் சரிந்துவிட்டன. படம் எடுக்க மூடுகல்லின் மேல் ஏறுகிறவர்களும் அதற்கு ஒரு காரணம்.