பூட்டிய கேட்டைப் படமெடுத்தால் போதுமா?

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் இருக்கிறது ஆமத்தூர். பட்டாசுத் தொழிலை நம்பியிருக்கும் இந்த வட்டாரத்தின் படம் வெளியூர்ப் பத்திரிகைகளில் பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான் வருகிறது. ஒன்று தீபாவளிக்கு முந்தைய வாரங்கள். வண்ணப் பெட்டிகளும் அடுக்கிவைத்த மத்தாப்புகளும் அப்போது படமாகும். மற்றது வெடிவிபத்து. புகை, தரைமட்டமான அறைகள், ஆம்புலன்ஸ், அரசு மருத்துவமனை வாசலில் அழும் பெண்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர். 2024 பிப்ரவரி 17 அன்று ராமுதேவன்பட்டியில் 10 பேர். ஊர்ப் பெயர் மாறுகிறது, எண்ணிக்கை மாறுகிறது, படம் மட்டும் மாறுவதில்லை.

இவற்றுக்கு இடைப்பட்ட நாட்களை யார் எடுக்கிறார்கள்? விடியுமுன் உலை வைத்துவிட்டு, தூக்குவாளியோடு கம்பெனி வேனுக்கு நிற்கும் பெண்கள், திண்ணையில் காகிதக் குழாய் சுருட்டும் பாட்டி, மழை பிடித்துக்கொண்டால் காயவைக்க வழியின்றி வேலை நின்றுபோகும் நாட்கள், விபத்து நடந்து ஓராண்டு கழித்து அந்த வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள் என்பது. இவை எதுவும் செய்தி ஆவதில்லை. ஆனால் இந்த ஊர்களின் வாழ்க்கை இவற்றில்தான் இருக்கிறது.

இந்த இடைவெளியை நிரப்ப ஒரு வழி உண்டு. ஒளிப்படத்தை எடுத்தவரே தம் பெயர் போட்டு, அதோடு சேர்த்து அரசியலையும் சமூகத்தையும் பற்றித் தம் கருத்தை எழுதுவது. இன்று ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் கேமரா உள்ள செல்போன் இருப்பதால் கருவி ஒரு தடையல்ல. முறை தெரிந்தால் போதும்.

மூன்று பகுதிகள்

இந்த வகைப் பதிவில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. முதலாவது படம். இரண்டாவது படக்குறிப்பு: எந்த இடம், எந்த நாள், யார், என்ன செய்கிறார்கள். இதைப் படிக்கும் எவரும் நேரில் போய்ச் சரிபார்க்க முடிய வேண்டும். மூன்றாவது கருத்து: ஏன் இப்படி இருக்கிறது, யார் பொறுப்பு, எது மாற வேண்டும்.

செய்தித்தாளில் இந்த மூன்றையும் தனித்தனி ஆட்கள் பார்க்கிறார்கள். புகைப்படக்காரர் எடுப்பார், நிருபர் விவரம் தருவார், தலையங்கம் எழுதுபவர் கருத்துச் சொல்வார். ஒருவர் தவறினால் இன்னொருவர் திருத்தலாம். தனி ஆளாக எழுதும்போது அந்தக் காவல் இல்லை. எனவே மூன்று பகுதிகளையும் ஒன்றோடொன்று குழப்பாமல் வைத்துக்கொள்வது எழுதுபவரின் முதல் கடமை.

படம் காரணம் சொல்லாது

ஒரு வெடி ஆபீஸின் பூட்டிய கேட்டை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். (ஆலை என்று அச்சில் போட்டாலும் எங்கள் பக்கம் வாயில் வருவது வெடி ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ்தான்.) துருப்பிடித்த கேட், பெரிய பூட்டு, ஆளில்லாத காவலாளி அறை. நல்ல படம்தான். ஆனால் ஏன் பூட்டியிருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமையாக இருக்கலாம். தீபாவளி முடிந்து விடுமுறையாக இருக்கலாம். வேறோர் ஊரில் விபத்து நடந்து, ஆய்வுக்குப் பயந்து மூடியிருக்கலாம். விதிமீறலுக்காக உரிமம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கலாம். 2018ஆம் ஆண்டின் கடைசியில் எடுத்த படமென்றால் காரணமே வேறு. அந்த ஆண்டு அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் சேர்த்த பட்டாசுக்கும் தடை விதித்தது. பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம் என்றது. அதை எதிர்த்து உற்பத்தியாளர்கள் ஆலைகளைச் சில மாதங்கள் மூடிவைத்தார்கள். லட்சக்கணக்கானோரின் கூலி நின்றது.

ஒரே பூட்டு, ஐந்து காரணங்கள். தேதியும் விவரமும் இல்லாமல் இந்தப் படத்தை வெளியிட்டால், பட்டாசே கூடாது என்பவரும் பயன்படுத்துவார், நீதிமன்றமே தொழிலை அழித்தது என்பவரும் பயன்படுத்துவார். இருவருக்கும் அது சாட்சியாகிவிடும். அதனால்தான் குறிப்பில்லாத படத்தைச் சமூக ஆவணம் என்று சொல்ல முடியாது.

குழந்தைத் தொழிலாளர் படங்களுக்கும் இது பொருந்தும். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் இருந்த குழந்தைகளைப் பற்றி சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் நாடெங்கும் பேசப்பட்டது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தக் காலத்துப் படங்கள் வரலாற்றுச் சான்றுகள். அவற்றை ஆண்டு போடாமல் இன்றைய நிலவரம் போலப் பரப்பினால், இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோருக்கும் அநீதி செய்கிறோம்.

இந்த முறை எங்கிருந்து வருகிறது?

சென்னை மாகாணத்தில் 1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சத்தின்போது, ராணுவ அதிகாரியான வில்லோபி வாலஸ் ஹூப்பர் எலும்பும் தோலுமான மக்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். ஒரு படத்துக்கு, இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள் என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் எந்த ஊர், என்ன பெயர், தானியம் ஏன் அவர்களை வந்து சேரவில்லை என்பது அதில் இல்லை. தகுதியை முடிவுசெய்யும் அதிகாரியின் பார்வை மட்டும் இருக்கிறது. நம் மண்ணின் பசியை உலகம் பார்த்த முதல் படங்களில் இவையும் உண்டு. எப்படி எழுதக் கூடாது என்பதற்கும் இவையே பாடம்.

அதற்கு நேர் எதிர் லூயிஸ் ஹைன். அமெரிக்காவில் ஆசிரியராக இருந்த அவர், 1908இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவில் சேர்ந்து நூற்பாலைகள், சுரங்கங்களுக்குள் போய்ப் படம் எடுத்தார். உண்மையான நோக்கத்தைச் சொன்னால் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பல வேடங்களில் போனார். சட்டைப் பையில் மறைத்துவைத்த தாளில் குழந்தையின் பெயர், வயது, வேலை நேரம், கூலி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். தம் கோட்டுப் பொத்தான்களை வைத்துக் குழந்தையின் உயரத்தை அளந்தார். யாரும் மறுக்க முடியாத விவரம் முதலில், கோபம் அதன் பிறகு. 1938இல் அமெரிக்காவில் குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் வந்ததற்கு அந்தப் படங்களும் குறிப்புகளும் துணை நின்றன.

இந்தியாவில் 1943 வங்கப் பஞ்சத்தின்போது சுனில் ஜானா படம் எடுக்க, பொதுவுடைமைத் தலைவர் பி.சி. ஜோஷி எழுத, இரண்டும் சேர்ந்து கட்சி ஏட்டில் வெளிவந்தன. இறந்துகொண்டிருந்தவர்களின் படத்துக்குப் பக்கத்திலேயே, இந்தப் பஞ்சத்தை உண்டாக்கியது யார் என்ற கேள்வியும் அச்சானது.

தமிழில் இன்று இந்த வழியில் நடப்பவர்களில் முக்கியமானவர் மதுரைக்காரரான எம். பழனிகுமார். அருப்புக்கோட்டையைச் சேர்ந்த திவ்யபாரதி 2017இல் வெளியிட்ட 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். கழிவுநீர்க் குழிகளில் இறந்தவர்களின் பிள்ளைகளைப் படமெடுத்து 'நானும் ஒரு குழந்தை' என்று கண்காட்சி வைத்தார். பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய பாரி என்ற ஊரக இந்தியாவின் மக்கள் ஆவணக்காப்பகத்தில் பணியாற்றிய அவர், 2022இல் முதலாவது தயாநிதா சிங் – பாரி விருதைப் பெற்றார். மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றிய தம் தாயையும் படமெடுத்து எழுதியிருக்கிறார். துப்புரவுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் மீனவப் பெண்களுக்கும் ஒளிப்படக் கலையைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். இதுவரை படத்தில் இருந்தவர்கள் இனி கேமராவைப் பிடிக்கட்டும் என்பதுதான் அதன் பொருள்.

வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் இன்னொருவர். 2020 பொது முடக்கத்தில் சொந்த ஊர் திரும்பி, தம் தலித் குடும்பத்தின் அன்றாடத்தைப் படமாக்கினார். அந்தக் குடும்பத்தில், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கிய பாட்டி இருந்தார். சாதியைப் பற்றிப் பேச யாரோ ஒருவர் அழும் முகத்தைத் தேட வேண்டியதில்லை என்பதை அவருடைய படங்கள் காட்டுகின்றன.

எங்கே எடுப்பது, எங்கே கூடாது

வெடி ஆபீஸுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை உண்டு. அது உயிரைக் காக்கும் விதி. மருந்து கலக்கும், மருந்து செலுத்தும் அறைகளில் சிறு பொறியும் சாவுதான். ரகசியமாக உள்ளே போய்ப் படம் எடுக்க ஹைன் செய்த வேலையை இங்கே யாரும் செய்ய வேண்டாம். உங்கள் உயிர் மட்டுமல்ல, பக்கத்தில் உட்கார்ந்து திரி வைக்கும் பெண்ணின் உயிரும் போகும்.

வெளியிலேயே எடுக்க நிறைய இருக்கிறது. மாலையில் வேனிலிருந்து இறங்குபவர்களின் கைகள், அவற்றில் கழுவினாலும் போகாத அலுமினியப் பவுடர். சிவகாசி அச்சகங்களில் உருவாகி நாடெங்கும் சுவர்களில் தொங்கும் நாள்காட்டிகள். கூலி எழுதிய நோட்டு. தீக்காயம் ஆறிய பிறகு வேறு வேலை தேடும் ஒருவர். அவர் சம்மதித்தால் மட்டும்.

சம்மதமும் சட்டமும்

படம் எடுக்குமுன் கேளுங்கள். "அக்கா, இந்தப் படத்தைப் போட்டு உங்க வேலையைப் பத்தி எழுதப் போறேன், போடலாமா?" என்று நேராகக் கேளுங்கள். எங்கே வெளியாகும், யார் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லுங்கள். படம் வெளியானால் அவருடைய வேலை போகுமா என்று யோசியுங்கள். போகும் என்றால் முகத்தை விட்டுவிட்டுக் கைகளை எடுங்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக்காட்டுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. சட்டத்துக்கு மாறாக வேலையில் இருக்கும் குழந்தையை, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்கிறது. அப்படிப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் தெரியும் படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 74ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தக் குழந்தையைக் கண்டால் செய்ய வேண்டியது 1098 எண்ணுக்கு அழைப்பது.

உங்கள் உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள். சொந்தமாக நீங்கள் எடுத்த படத்தின் பதிப்புரிமை உங்களுடையது. அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் செல்லும். யார் எடுத்துப் பயன்படுத்தினாலும் உங்கள் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

கருத்தை எப்படி எழுதுவது?

"பாவம் இந்த மக்கள்" என்பது கருத்தல்ல. படிப்பவர் ஒரு நொடி வருந்திவிட்டு நகர்ந்துவிடுவார். எது தவறு, யாரால் மாற்ற முடியும் என்பதைச் சொல்வதே கருத்து.

வெடிவிபத்துச் செய்திகளில் பெரும்பாலும் உராய்வு காரணம் என்று வரும். வேதிப்பொருளைப் பொறுத்தவரை அது உண்மையாக இருக்கலாம். அதோடு நிறுத்தினால் இறந்தவர்மீதே பழி விழுகிறது. கருத்து எழுதுபவர் அடுத்த கேள்விகளைக் கேட்க வேண்டும். நான்கு பேர் மட்டும் இருக்க வேண்டிய அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்? உரிமம் யார் பெயரில், ஆலையை நடத்தியது யார்? சட்டம் அனுமதிக்காத உள்குத்தகை இருந்ததா? பெசோ எனப்படும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பும் மாவட்ட நிர்வாகமும் கடைசியாக எப்போது ஆய்வு செய்தன? தீபாவளி நெருக்கடியில் துண்டுக்கணக்குக் கூலி வேகத்தைக் கூட்டியதா? விடை தெரிந்தவற்றை விவரமாக எழுதுங்கள். தெரியாதவற்றைக் கேள்வியாகவே வையுங்கள். ஊகத்தை உண்மைபோல எழுதாதீர்கள். ஒரு தவறான எண் போதும், சரியாக எழுதிய அத்தனையையும் பொய் என்று தள்ளிவிடுவார்கள்.

எரிந்த உடல்களின் படம் வாட்ஸ்அப்பில் வந்தால் அனுப்பாதீர்கள். அது யாருக்கும் எதையும் விளக்குவதில்லை. அதைப் பார்க்கப்போகிறவர்களில் இறந்தவரின் மகளும் இருப்பாள்.

ஆமத்தூரிலும் சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் படிக்கும் இளைஞர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். விபத்துக்காகக் காத்திருக்காதீர்கள். உங்கள் தெருவில் ஒரு சாதாரண வேலைநாளை இந்த வாரமே எடுங்கள். தேதி போடுங்கள், ஊர்ப் பெயர் போடுங்கள், விவரத்தைச் சரிபாருங்கள், பிறகு உங்கள் கருத்தை உங்கள் பெயரில் எழுதுங்கள். வீட்டில் வேலைக்குப் போகும் அம்மாவிடமும் அக்காவிடமும் கேமராவைக் கொடுங்கள். அவர்கள் எதை எடுக்கிறார்கள் என்று பார்த்து, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். இந்த வட்டாரத்தைப் பற்றிப் பேசும் முதல் உரிமை அவர்களுக்குத்தான்.